தனி இருக்கை

சாயப்பட்டறைகளில் புகைவடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வாங்கித் தந்தவர் அந்த வக்கீலம்மா. தீர்ப்பு வந்த சூட்டோடு ஒரு கட்சி அவரைத் தேடிவந்து சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியது. ஜெயித்தார். தலைகால் புரியாமல் ஆடியது அதே கட்சியில் இருந்த அவர் தம்பிதான். அவனைத் தவிர அவருக்குச் சொந்தம் யாருமில்லை. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "வாய்தா மேல வாய்தா வாங்கினேன், கேஸே தள்ளுபடி ஆயிடுச்சு" என்று சிரிப்பார்.

அடுத்த வருஷமே அவர் கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. பட்டறைகள் இன்னும் பத்து வருஷம் வடிகட்டி இல்லாமலே ஓடலாம். கட்சிக் கொறடா அவர் அறைக்கு வந்தார்.

"ஓட்டை மட்டும் நம்ம பக்கம் போட்டுடுங்கம்மா. கோர்ட்ல நீங்க பேசினதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"பேசினவளுக்கு இருக்குங்களே."

வாக்கெடுப்பன்று எதிர்க்கட்சியினர் வேறேதோ கோபத்தில் வெளிநடப்பு செய்திருந்தார்கள். "எதிர்ப்பவர்கள் எழலாம்" என்றதும் அவர் ஒருவர்தான் எழுந்தார்.

சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உறுப்பினர் தெரியாம எழுந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

மசோதா நிறைவேறியது. கட்சி அவரை நீக்கியது. கடைசி வரிசையில், தூணை ஒட்டித் தனி இருக்கை. பேசக் கை தூக்கினால் நேரமில்லை என்பார்கள். உணவகத்தில் அவர் தட்டோடு வந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். பிறகு ஒவ்வொருவராகக் கை கழுவப் போவார்கள்.

பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நல்லதுதான் செஞ்சீங்க. ஆனா கட்சியில இருந்திருந்தா எங்களுக்கு ரோடாவது வந்திருக்கும்."



அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்று படுதோல்வி அடைந்தார். தம்பி போன் செய்தான்.

"சாப்டியாக்கா?"

"ம்."

"நான் வரலக்கா. கட்சிக்காரங்க பார்த்தா…"

"சரிடா. வெச்சிடு."

சமைக்கவே இல்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

பழையபடி கறுப்புக் கோட்டு. தோளில் தொளதொளவென்று நின்றது. அவரிடம் வேலை கற்ற இளைய வக்கீல்தான் இப்போது அவருடைய பழைய அலுவலகத்தை நடத்திவந்தார். இவரைக் கண்டதும் அவர் பதறி எழுந்து நாற்காலியைக் காட்ட, வக்கீலம்மா வழக்கோடு வருபவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு வந்தார். வேறு தெருவில் மாடி அறை ஒன்றைப் பிடித்தார். வெகுநாள் யாரும் படியேறவில்லை.

பிறகு பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி வந்தாள். கணவனுக்கு இருமி இருமி மூச்சு வாங்குகிறது, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடலம்மா. மனசுல வெச்சுக்கிட்டு உட்கார முடியல, சொல்லிட்டேன்."

"பரவால்ல, உட்காருங்க. எப்போலேருந்து இருமல்?"

எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். சபையில் நிறைவேறிய அந்தச் சட்டமே குறுக்கே நின்றது. அதையே எதிர்த்துத்தான் வழக்குப் போட வேண்டும். அவள் போன பிறகு மனுவை எழுதி, காதில் எப்படி விழுகிறது என்று பார்க்க வாய்விட்டுப் படித்தார். அறையில் கேட்க ஆளில்லை. ஒரு வரி இடறியது. அதைத் திருத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, கொஞ்சம் உரக்கவே படித்தார்.