சாவிக்கு ஏற்ற இடம்

அந்த மாடி வீட்டில் சாவிக்கென்று ஓர் ஆணி இருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில். போகிறவர் எடுப்பார், வருகிறவர் மாட்டுவார். இத்தனை வருஷமாக அதில் ஒரு பிரச்சினை இருப்பது யாருக்கும் தெரியாது. சூப்பிரண்டு ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு பெரிய கிடங்கில் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியையும் மேசையையும் அங்கேயே விட்டுவிட்டு, பதவியை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். கிடங்கில் அவருக்குக் கீழே ஆட்கள் நிறைய. வீட்டில் மனைவி மட்டும். அத்தனை பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவந்த கண்டிப்பு மொத்தமாக ஒரே ஆளுக்குக் கிடைத்தது.

"ஆணியில சாவி தொங்குதுன்னா திருடனோட பாதி வேலையை நாமளே முடிச்சுக் குடுத்துட்டோம்னு அர்த்தம்" என்றார்.

"இத்தனை வருஷத்துல யாரும் வரலையேங்க."

"வரலைங்கறது பாதுகாப்பு இல்லை. அலட்சியத்துக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்."

இந்த மாதிரி வாக்கியங்களை அவர் யோசித்துச் சொல்வதில்லை. ஏப்பம் மாதிரி, தானாக வரும்.

முதல் வேலையாகக் கம்பிக்கதவுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினார். சம்மட்டியால் அடித்தாலும் திறக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பூட்டு. இவர் வெளியே போகும்போது கம்பிக்கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். மனைவிக்கு வெளியே போக வேண்டுமென்றால், வீட்டுக்குள் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து, கம்பி இடுக்கில் கையை விட்டுத் திறந்துகொள்ளலாம். அந்த இரண்டாவது சாவி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் அவருடைய மூளை முழுவதும் இறங்கியது.

"ஒரே இடத்துல இருந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சு போகும். வாராவாரம் மாத்தணும்."

"எனக்கு ஞாபகம் இருக்கணுமே. எங்கயாவது எழுதி வச்சுக்கறேன்."

"எழுதி வைக்கிறதும் ஒண்ணு, திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடறதும் ஒண்ணு. மனசுல வச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் மாற்றம் நடக்கும். கிடங்கில் பொறுப்பு மாறும்போது இருவரும் எதிரெதிரே நின்று வாயால் சொல்லிக்கொள்வது வழக்கமாம். அதே வழக்கம் கூடத்துக்கும் வந்தது. அவர் புது இடத்தைக் காட்டி "ஒப்படைத்தேன்" என்பார். அவள் "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிற விஷயமில்லை இது. ஒருத்தன் ஒப்படைக்காம லீவுல போனான். அவனை என்ன பண்ணினேன் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளாகத் தெரியும். அந்த ஆள் கடைசிவரை பதவி உயர்வைக் கண்ணால் பார்க்கவில்லை.

சாவி மாவு டப்பாவில் இருந்தது. பழைய செருப்பின் நுனியில் இருந்தது. ஒரு வாரம் டார்ச் விளக்கில், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்த வாரம் மின்சாரம் போனபோது இருவரும் இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டார்கள். சாவி பத்திரமாக இருந்தது. காலியாகிவிட்ட ஆணியை வீணாக்க மனசில்லாமல் அவர் தன் குடையை அதில் மாட்டினார்.

அவள் இவ்வளவையும் சகித்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அவளுடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி, மகள் வீட்டில், படுக்கையில் கிடந்தாள். உடம்பில் மிச்சமிருந்தது குரல் மட்டும்தான். தலை முழுக்க நரைத்துப்போன தங்கையை இன்னமும் 'குட்டி' என்று கூப்பிட அந்த ஒரு குரல்தான் இருந்தது. சாப்பாட்டு வேலை முடிந்ததும் தினமும் போய், கட்டிலோரம் உட்கார்ந்து, சிக்கு எடுத்துப் பின்னிவிட்டு வருவாள். அதற்கென்றே பல் அகலமான ஒரு மரச்சீப்பு வாங்கிப் பையில் வைத்திருந்தாள். வேறு யார் சீவினாலும் அக்காவுக்கு வலித்தது.

"உன் வீட்டுக்காரர் இந்த வாரம் சாவியை எங்கடி ஒளிச்சிருக்கார்?" என்று கேட்பாள் அக்கா.

"கடிகாரத்துக்குப் பின்னாடி."

"பாத்துடி குட்டி. ஒருநாள் உன்னையும் எங்கயாவது வச்சிட்டு மறந்துறப் போறார்."

சிரித்தால் அக்காவுக்கு இருமல் வரும். ஆனாலும் இருவரும் சிரிப்பார்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் சூப்பிரண்டைப் பேச அழைத்திருந்தார்கள். அழைக்கும்வரை அவர் செயலாளரை விடவில்லை என்பதுதான் சரி. தலைப்பு: 'வீட்டுச் சாவி – பாதுகாப்பும் வசதியும்'. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வசதி என்ற சொல் வரும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். பழக்கமில்லாத சொல்.

பேச்சு நாளன்று காலை கேஸ் சிலிண்டர் போட ஆள் வந்தான். அடுப்பில் மாட்டிவிட்டு நிமிர்ந்தவன், கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து "அதுக்குள்ள இவ்வளவு நேரமாச்சா!" என்றான். நேரம் பார்ப்பதற்காகக் கடிகாரத்தைப் பார்க்கும் மனிதன் உலகத்தில் இருப்பான் என்று சூப்பிரண்டுக்குத் தோன்றவில்லை. அவன் சமையலறையில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து வேறோர் இடத்தில் போட்டார். மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் இஸ்திரிக்காரர் சட்டையைக் கொண்டுவந்தார். பிறகு பேச்சின் நடுவில் சொல்ல ஒரு நல்ல நகைச்சுவை தோன்றியது.

சாப்பிட்டுவிட்டு, கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு அவர் போனார். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் சீப்புப் பையை எடுக்கும்போது போன் அடித்தது. அக்கா மகள்.

"சித்தி, அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. டாக்டர் வந்து பாத்துட்டு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னுட்டார். குட்டி வந்துட்டாளா, குட்டி வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருக்காங்க. உடனே வாங்க."

"இதோ, செருப்பு மாட்டிட்டேன்."

கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். ஒட்டடை வந்தது. கடிகாரத்தையே கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தாள். மாவு டப்பாவைத் தரையில் கொட்டினாள். செருப்பு, டார்ச், தலையணை உறை, அவர் சொல்லிக்கொடுத்த பழைய இடங்கள் ஒவ்வொன்றும். அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கூட்டத்தில் போன் சத்தம் வரக் கூடாது என்று சங்கத்தில் விதி கொண்டுவந்தவரே அவர்தான். வாசலுக்கு வந்து, விழுந்துவிடாமல் இருக்க ஆணியில் தொங்கிய குடையைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தையல்காரரைக் கத்திக் கூப்பிட்டாள்.

அவர் அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு, சுத்தியல் கொண்டுவந்து பூட்டை அடித்தார். மாடிப்படி அதிர்ந்தது, பூட்டு அசையவில்லை. கடைக்காரர்கள் சில சமயம் உண்மையும் சொல்லிவிடுகிறார்கள்.

"இது ஆகறதில்லைம்மா. தெருக்கோடிதானே, போய் சாரைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

சங்கக் கூடத்தின் வாசலில் செயலாளர் தையல்காரரைத் தடுத்து, பேச்சு நடக்கும்போது உள்ளே நடமாடக் கூடாது என்றார். கெஞ்சி உள்ளே போனவர் பின்வரிசையில் நின்று கையைத் தூக்கினார்.

சூப்பிரண்டு கவனித்துவிட்டார். "கேள்வியெல்லாம் கடைசியில."

"சார், கேள்வி இல்லை சார். உங்க வீட்டுச் சாவி..."

"அதைப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன். உட்காருங்க."

கூடம் சிரித்தது. பேச்சாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்தார்கள். சூப்பிரண்டுக்குச் சிரிப்புச் சத்தம் புதுசு. அதை விட மனம் வரவில்லை. "பாத்தீங்களா, சாவின்னு சொன்னதும் ஒருத்தர் எழுந்து நிக்கறார். அவர் வீட்டு நிலைமையை நீங்களே யூகிச்சுக்குங்க" என்றார். இன்னும் சிரித்தார்கள். தையல்காரர் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, கால்களை மிதித்து, மேடையேறி அவர் காதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு, நம்பகமான குடும்பத் தலைவனின் இலக்கணம்வரை வந்திருந்தது.

அவர்கள் வரும்போது அவள் கம்பிக்கதவுக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பை. பக்கத்தில் போன். அவர் சாவியைப் போட்டார். பூட்டு மரியாதையாகத் திறந்தது.

"எழுந்திரு, போகலாம்" என்றார்.

"இனிமே மெதுவாப் போகலாம்" என்றாள்.

துக்க வீட்டில் வந்தவர்களெல்லாம் கூடப்பிறந்தவளைத்தான் தேடினார்கள். சூப்பிரண்டு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார்: "சாவியை எங்கயோ மாத்தி வச்சிட்டு மறந்துட்டா. பாவம், வயசாகுதில்ல." அவர் பொய் சொல்லவில்லை, காலையில் சாவியை எடுத்தது தன் கைதான் என்பது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. தவறு நடந்திருக்கிறது, அது தன்னுடையதாக இருக்க வழியில்லை, மிச்சம் இருப்பது ஓர் ஆள். கிடங்கில் எல்லா விசாரணைகளையும் அவர் இப்படித்தான் முடித்திருக்கிறார்.

அக்கா மகள் அழுதழுது வீங்கிய கண்ணோடு கேட்டாள். "ஒரு சாவியைக்கூடவா சித்தி ஒழுங்கா வச்சிருக்க முடியல? கடைசிவரைக்கும் கதவையே பாத்துட்டிருந்தாங்க."

அவளுக்குக் கடிகாரத்துக்குப் பின்னால் என்றுதான் நினைவு. ஆனால் எல்லாரும் சொல்லும்போது தன் நினைவைவிட அவர்கள் பேச்சுக்கு எடை அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். வெளியே போவதை நிறுத்தி, சீப்புப் பையை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள். சூப்பிரண்டு அவளுக்கு வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

மழைக்காலம் தொடங்கிய அன்று சூப்பிரண்டு பால் வாங்கக் கிளம்பினார். ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். அவள் மாடி ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் இறங்கியதும் அவர் குடையை விரித்தார். உள்ளிருந்து என்னவோ விழுந்து, அவர் தோளில் பட்டு, தண்ணீருக்குள் போனது. குனிந்து எடுத்தார். குடை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்க, உள்ளங்கையைப் பார்த்தபடி நனைந்துகொண்டே நின்றார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை. திருடனை நினைத்தே வாழ்ந்தவருக்கு அந்த முழி எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததோ.

பாலோடு வந்தவர் டீ குடித்தார். அவள் துணி மடிக்க உள்ளே போன நேரத்தில், கூடத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"இங்க வா. இது என்னன்னு பாரு."

அவர் கையில் அவளுடைய சீப்புப் பை இருந்தது. அதன் அடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். இன்னும் ஈரமாக இருந்தது.

"உன் பையிலயேதான் இருந்திருக்கு. தோள்ல மாட்டிட்டே தேடியிருக்க. போகட்டும் விடு. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை." பெருந்தன்மையில் அவர் குரல் தழுதழுத்தது. கொஞ்சம் நிஜமாகவே தழுதழுத்தது. பழக்கம் விடாமல், "ஒப்படைத்தேன்" என்றும் சொன்னார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"பெற்றுக்கொண்டேன்."

மறுநாள் சாப்பாட்டு வேலை முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. நாளிதழை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மகள் கதவைத் திறந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், அறையில், கட்டில் இருந்த இடத்தில் துவைத்த துணி குவிந்திருந்தது.

"என்ன சித்தி, இந்த நேரத்துல?"

"சாவி கிடைச்சிருச்சு. அதான் வந்தேன்."

"எங்க இருந்துச்சு?"

"குடைக்குள்ள. வாசல் ஆணியிலயே தொங்கிட்டு இருந்திருக்கு."

"சித்தப்பாவோட குடையா? அதுல யாரு கொண்டுபோய்ப் போட்டது?"

"அவரைத்தான் கேக்கணும். கேள்வியெல்லாம் கடைசியில கேக்கணுமாம். தையல்காரர் சொன்னார்."

அக்கா மகளின் கை கதவிலிருந்து இறங்கியது.

"கடைசி எப்பவோ முடிஞ்சு போச்சே சித்தி" என்றாள்.