மூன்றாம் ஓலை

வருஷம் ஐம்பத்தேழா, ஐம்பத்தெட்டா என்று கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். மழை பெய்துகொண்டிருந்ததாக நினைவு. உடும்பஞ்சோலைப் பக்கத்து நாள் எதை நினைத்தாலும் மழை பெய்வதுபோலத்தான் இருக்கும், அதனால் அதையும் நம்ப வேண்டாம். பாதி, ஊரார் சொன்னது. மீதியை அமிர்தநாதனே வயதான காலத்தில் சொன்னான். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, ஒரு பீடியை இழுத்து முடித்து, அப்புறம் அடுத்ததைச் சொன்னான்.

அமிர்தநாதன் அப்போது பஞ்சாயத்துப் பிரசிடெண்டு. ஏலத்தோட்டத்து லயங்களில், அந்தக் கூலிக்காரக் குடியிருப்பு வரிசைகளில் இருந்த வேதக்காரர்கள் கோயில் மணியடித்துத் திரண்டு போய் ஓட்டுப் போட்டு உண்டாக்கிய பிரசிடெண்டு. ஒரே ஒரு மெம்பரின் ஆதரவில்தான் நாற்காலி நின்றது. அந்த மெம்பர் யாகப்பன், மரம் வெட்டும் காண்ட்ராக்டர். அவன் மறுபக்கம் சாய்ந்தால் தோட்ட முதலாளியின் ஆள் பிரசிடெண்டாகிவிடுவான். லயங்களுக்கு வரவேண்டிய தண்ணீர்க்குழாய் பங்களாவோடு நின்றுவிடும். அமிர்தநாதன் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட நியாயம் அதுதான்.

அந்த யாகப்பன், ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் சிசிலியைக் கட்டிக்கொள்வதாக நிச்சயம் செய்தான். அவளுக்குத் தாய் இருதயம்மாள் மட்டும்தான். கோயிலில் ஓலை வாசிக்க ஏற்பாடானது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயர்களை வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும், மறைத்தால் சாவான பாவம் என்பார்.

தடை என்னவென்று அமிர்தநாதனுக்குத் தெரியும். மலைக்குக் கீழே கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் யாகப்பன் மதலேனம்மாள் கழுத்தில் தாலி கட்டியபோது சாட்சி நின்றவனே இவன்தான். யாகப்பனின் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கு அந்தக் கல்யாணம் தெரியாது. அங்கிருந்து, பையன் பிரம்மச்சாரி என்றே கடிதம் வந்திருந்தது. போன ஈஸ்டர் சமயம் மிளகு விற்கப் போன அமிர்தநாதனை மதலேனம்மாள் வழியில் நிறுத்திக் கேட்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, அவரு மலையில சொகமா இருக்காருங்களா? ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்க. பையன் அப்பன் எங்கேங்கறான்."

முதல் ஓலை வாசித்த அன்று யாகப்பன் கோயில் வாசலில் காத்து நின்றான்.

"பிரசிடெண்டுக்கு இருமல் கிருமல் ஒண்ணும் வரலியே?"

"இல்ல."

"அடுத்த வாரமும் வராமப் பாத்துக்கிடுங்கண்ணே. தொண்ட கட்டிப்போச்சுன்னா நாற்காலியில ஒக்காந்து என்னத்தப் பேசுறது?"

பக்கத்தில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். அமிர்தநாதனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நாள் முழுதும் எச்சிலோடு வாயிலேயே கிடந்தது.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு இருதயம்மாள் மடியில் நாலு முட்டையோடு அமிர்தநாதன் வீட்டுக்கு வந்தாள்.

"ஒங்களுக்குத்தான அவரப் பத்தி நல்லாத் தெரியும், தம்பி. ஆளு எப்படி?"

அமிர்தநாதன் முட்டைகளை வாங்கி ஓரமாக வைத்தான். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒழைப்பாளி."

"குடி?"

"அதெல்லாம் இல்ல."

"அது போதும்யா. பிரசிடெண்டே சொன்ன பெறகு எனக்கென்ன?"

சொன்ன இரண்டும் உண்மை. பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. முட்டையை மனைவி பொரித்து வைத்தாள். தின்றான்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. அரசியலில் கிடந்து கிடந்து கூர்மையாகிவிட்ட மூளைக்குத்தான் அது தோன்றும். சாமியார் பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறையில் போய்ச் சொன்னால் சாமியார் ஓலையை நிறுத்திவிடுவார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னால்? அங்கே கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே காட்டக் கூடாது. அதை வைத்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. சொன்னதாகவும் ஆகும், நாற்காலியும் நிற்கும்.

சல்லடைக்கு முன் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"எழுந்து சக்ரீஸ்துக்கு வா," என்றார் சாமியார் கடைசியில். "இதையே அங்கே சொல்."

"இங்கதான் சொல்லிட்டேனே சாமி."

சாமியார் சல்லடைக்கு நெருங்கி வந்தார்.

"தெரிஞ்சேதான் இங்க கொண்டுவந்து கொட்டினியா?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான்.

"உனக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. போ."

அந்தக் குரலில் கோபம் இல்லை. செருப்பில் மிதிபட்டதைப் புல்லில் தேய்க்கிறவரின் அருவருப்பு இருந்தது.

மறுநாள் மூன்றாம் ஓலை. "தடை தெரிந்தவர்கள்..." என்று வாசித்துச் சாமியார் நிறுத்தினார். அவர் யாரையும் பார்க்கவில்லை. பார்ப்பதுகூடக் காட்டிக்கொடுப்பதாகும் என்று தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. பெண்கள் பக்கம் சிசிலி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். எழுந்து நிற்க இன்னும் நேரம் இருந்தது. அமிர்தநாதன் தன் முழங்கால்களைப் பார்த்தான். அவை அசையவில்லை. சாமியார் தாளை மடித்தார்.

நன்மை அப்பம் வாங்கும் நேரம் வந்தது. பாவமன்னிப்புக் கிடைக்காதவன் அதை வாங்குவதே இன்னொரு சாவான பாவம். ஆனால் முதல் பெஞ்சுக்காரன் எழுந்து போகாவிட்டால், பிரசிடெண்டு செங்கொடிக் கட்சிக்குத் தாவிவிட்டான் என்று மாலைக்குள் பேச்சாகிவிடும். போய்ப் பீடத்துக்கு முன்னிருந்த கிராதியில் முழந்தாளிட்டான். சாமியார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே அவனிடம் வந்தார். மறுக்க அவருக்கு வழியில்லை. மறுத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். அப்பத்தை எடுத்து நீட்டினார். அமிர்தநாதன் நாக்கை நீட்டினான். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரையவே இல்லை. வாயைத் திறக்காமல் நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பின்னாலிருந்து யாகப்பன் அவன் தோளைத் தட்டினான்.

கல்யாணம் நடந்தது. மறுவருஷம் மதலேனம்மாள் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சிசிலியின் கல்யாணம் செல்லாது என்று ஆயரின் மேற்றிராசனம் சொல்லிவிட்டது. யாகப்பன் கம்பம் பக்கம் இறங்கிப் போனான், அப்புறம் திரும்பவில்லை. மதலேனம்மாள் கோவிந்தாபுரத்திலேயே மகனை வளர்த்தாள். சாமியார் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறந்துபோனார். இருதயம்மாள் சாகும்வரை அமிர்தநாதனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். சிசிலி கைக்குழந்தையோடு ஸ்டோர் வேலைக்குத் திரும்பினாள், பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. லயங்களுக்குக் குழாய் வந்தது. அமிர்தநாதன் அடுத்த தேர்தலிலும் ஜெயித்து இன்னொரு தவணை பிரசிடெண்டாக இருந்தான்.