கால் பார்த்துச் சேர்ந்த கல்லூரி

அந்தக் கல்லூரியைப் பெற்றோருக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் இருந்த வழிகாட்டி அக்கா, பொய் சொன்னால் தரையை விட்டு எழும்பிவிடுவாள். சின்னப் பொய் என்றால் ஒரு விரற்கடை, பெரிய பொய் என்றால் இடுப்பளவு. முதல் தடவை நடந்தது நூலகத்தில். "இங்க இல்லாத புத்தகமே கிடையாது சார்" என்றாள். செருப்பு இரண்டும் கீழேயே நிற்க, அவள் மட்டும் மேலே போய், சற்று நேரத்தில் தானாக இறங்கினாள். சாப்பிடாமல் வந்த கிறுகிறுப்பு என்றுதான் நினைத்தாள். மறுநாள் விடுதிச் சாப்பாட்டை வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. வீட்டிலும் சோதித்துப் பார்த்தாள். அன்றைக்குச் சமையல் மெக்கானிக்கான அவள் புருஷனுடையது. "பிரமாதம்!" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தட்டோடு எழும்பினாள். அந்த மனுஷர் அசரவேயில்லை. "பரவாயில்ல, இறங்கி வந்து உப்பு போட்டுக்கோ" என்று டப்பாவை நகர்த்தி வைத்தார்.

வேலையை விடவும் மனசில்லை. புது முகங்களைப் பார்ப்பதும், பிள்ளைகளைவிட அதிகமாகப் பயந்துபோய் வருகிற அப்பா அம்மாக்களைச் சிரிக்க வைப்பதும் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் கல்லூரிக்கு அது போதாத காலம். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியின் கையேட்டைப் புரட்டினாலும் அதே நீல வானம், அதே புல்வெளி. ஒரே பெண் மூன்று கல்லூரிகளின் அட்டையில் ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷமும் இடங்கள் நிரம்பாவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவதாகக் கல்லூரியை நடத்துகிற தாளாளர் சொல்லிவிட்டார். ஆகவே அக்கா தன்னைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு தோள்பை நிறையக் கையேடுகளை அடைத்துச் சுமந்துகொண்டு பேசப் பழகினாள். வழவழப்பான தாள், நல்ல கனம். அத்தனை பொய் அச்சாகியிருந்தும் அவை மட்டும் எழும்பாமல் கிடந்தது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பெற்றோரையெல்லாம் மொத்தமாகக் கூப்பிட்டுக் காட்டும் நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. தாளாளர் அவள் காதருகே வந்து, "படிச்சு முடிச்ச அத்தனை பேருக்கும் வேலைன்னு சொல்லிடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் சொன்னாள். பையின் வார் பட்டென்று அறுந்தது. கையேடுகள் மேடையெங்கும் சிதற, அக்கா விறுவிறுவென்று மேலே போய்க் கூரையில் தலை இடித்து நின்றாள். இந்தத் தடவை தானாக இறங்கவுமில்லை. தாளாளருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு தாத்தா மட்டும் அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, ஏணி கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனது போகட்டும் என்று, "போன வருஷம் பாதிப் பேருக்குத்தாங்க வேலை கெடச்சுது" என்றாள். சரசரவென்று பாதி தூரம் இறங்கினாள். அட! "விடுதிக் குழாயில காலையில மட்டும்தான் தண்ணி வரும்." இன்னும் கொஞ்சம். "நூலகத்துல பாதி அலமாரி காலி. ஆனா எங்க கணக்கு வாத்தியார் இருக்காரே, கடைசிப் பெஞ்சுக்குப் புரியற வரைக்கும் வகுப்ப விடமாட்டார். பசங்க அவரத் திட்டிக்கிட்டே பாஸாயிடுவாங்க." கால் தரையில் பட்டது. அரங்கமே கைதட்டியது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள், எல்லார் கண்ணும் அவள் காலில். தாளாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தையல்காரி எழுந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பக்கத்தில் உம்மென்று அவள் மகள், வீட்டை விட்டு ஒரு நாளும் தனியாக இருந்திராதவள். "எம் பொண்ணு இங்க சந்தோஷமா இருப்பாளா?"

அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு காலையே பார்த்தது. ஆமாம் என்று சொல்ல அக்காவுக்கு ஆசைதான். "தெரியலக்கா" என்றாள். "ஆனா நான் பாத்துக்கறேன்."

பாதம் தரையை விட்டு அசையவில்லை. தையல்காரி மகளுக்கு இடம் கேட்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். சாயங்காலத்துக்குள் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. தாளாளர் கையேட்டை மறுபடி அச்சடித்தார். வானம் போய், காலி அலமாரியும் கணக்கு வாத்தியாரின் முறைப்பும் படமாக வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்ன, அலமாரிகளை ஒவ்வொன்றாக நிரப்பவும் செய்தார். அக்கா தினமும் விடுதிப் பக்கம் போய், தையல்காரியின் மகளிடம் "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். அவள் அழுத நாளில் பக்கத்தில் உட்கார்ந்தாள், சிரித்த நாளில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வருஷங்கள் ஓடின. பக்கத்துக் கல்லூரிகளும் எழும்பக்கூடிய ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்துப் பார்த்தன; யாரும் அகப்படவில்லை.

பட்டமளிப்பு அன்று மகள் தோழிகளோடு கத்திக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "சந்தோஷமா இருந்தாளா?"

"இருந்தாக்கா."

சுற்றியிருந்தவர்கள் வழக்கம்போலச் சட்டென்று குனிந்தார்கள். தையல்காரி மட்டும் குனியவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்துக்கு இப்போதும் வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறார்கள். கூரையில் அக்காவின் தலை இடித்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான்.