நாற்காலி ரெக்கார்டு

எனக்கு அந்த ரெக்கார்டைக் கண்டாலே ஆகாது. அட்டையில கடல் நடுவுல ஒரு காலி நாற்காலி நிக்கும். பின்பக்கம் அந்த ராக் குழு ஆளுங்க நாலு பேரும், குளிச்சு ஒரு மாசம் ஆன மாதிரி, முறைச்சுக்கிட்டு நிப்பாங்க. எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. என் வீட்டுக்காரருக்குப் பாதி வார்த்தை புரியாது. ஆனா அதுன்னா அவருக்கு உசுரு.

கல்யாணமாகி வந்த புதுசுல டீ எடுத்துக்கிட்டு முன்னறைக்குப் போறேன், மூணு ஆம்பளைங்க தரையில உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டிருக்காங்க. பாட்டுப் பொட்டி மட்டும் காட்டுக்கத்தல் கத்துது. "ஐயோ, என்னங்க ஆச்சு?"ன்னு பதறினா ஒருத்தரும் அசையலை. டீ ஆறிப்போச்சு. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. அந்த ரெக்கார்டு ஓட ஆரம்பிச்சா முடியற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாதாம். கல்யாணத்துக்கு முன்னாடி மூணு பேரும் ஒரே அறையில தங்கியிருந்தப்ப போட்ட சட்டம்.

"கண்ணு திறந்திருந்தா பாதிதான்டி கேக்கும்"னார் இவர்.

மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரு கண்ணையெல்லாம் சரி பண்றவர் எங்க வீட்டுல வந்து கண்ணை மூடிக்குவார். இன்னொருத்தர் பஸ் ஓட்டுறவர். "ஏன்ணா, பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார். தலை நரைச்சும் அந்தப் பைத்தியம் மூணு பேருக்கும் தெளியலை.

நானும் திட்டிக்கிட்டே கதவோரமா நின்னு பார்ப்பேன். கடைசிப் பாட்டுல ஒரு இடம் வரும். அடிச்சுக்கிட்டிருந்த ட்ரம்ஸ், கத்திக்கிட்டிருந்த ஆள், எல்லாம் சட்டுனு நின்னுடும். கரண்ட் போன மாதிரி இருக்கும். அப்புறம் ஒத்தைக் கிட்டார் மெதுவா வரும். அந்த அமைதியில இவர் வலது கை ஆள்காட்டி விரல் மேல போகும். கிட்டார் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும். ஒரு தடவை கூடத் தப்பினதில்லை. கூட இருந்த ரெண்டு பேருக்கும் அது தெரியாது. கண்ணை மூடிக்கிட்டிருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தவ நான் ஒருத்திதான். அந்த விரலைப் பார்க்கத்தான் நின்னேன், இப்ப சொல்றதுல என்ன வெட்கம்.

லிஃப்ட் ரிப்பேர் பண்றது அவர் வேலை. ஒரு கட்டிடத்து மொட்டை மாடியில, மோட்டார் அறைக்குள்ளயே சுருண்டு விழுந்துட்டார். மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சு.

டாக்டர் பூசி மெழுகலை. "சுயநினைவோட ஒரே ஒரு அசைவு இருந்தாலும் ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம். இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள தெரியணும். இல்லைன்னா பண்றதுல அர்த்தமில்லை"ன்னார்.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கிள்ளினேன், அழுதேன். கல்லு மாதிரி கிடந்தார். அப்பதான் அந்த விரல் ஞாபகம் வந்தது. அந்த ரெண்டு அண்ணன்மாருக்கும் போன் போட்டேன், அடிச்சுப்பிடிச்சு வந்தாங்க. கடைக்காரர் போன்ல அந்த ரெக்கார்டு முழுசும் இருந்தது. தலகாணி பக்கத்துல வெச்சோம். அவர் வலது கையை எடுத்து வயித்து மேல வெச்சேன். கட்டிலோரமா உட்கார்ந்து வெச்ச கண்ணை எடுக்கலை.

கடைசிப் பாட்டு ஆரம்பிச்சுது. சொல்லி வெச்ச மாதிரி நர்ஸ் வந்து நிக்குது. "டாக்டர் கூப்பிடறார். இப்பவே வாங்க, அவர் வேற ஆபரேஷனுக்குப் போயிட்டா பேச முடியாது."

"அண்ணா, பாட்டு நிக்கற இடம் வருமே, அப்ப அவர் வலது கையைப் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க"ன்னு கெஞ்சிட்டு ஓடினேன்.

"நாங்க இருக்கோம் தங்கச்சி, நீ போ"ன்னாங்க.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி என்னமோ சொன்னார். ஒண்ணும் மண்டையில ஏறலை. திரும்பி வர்றேன், கிட்டார் உச்சத்துல ஓடிக்கிட்டிருக்கு. அவர் கை வயித்து மேல இல்லை. கட்டிலுக்கு வெளியே தொங்குது.

அண்ணன்மார் ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

"கையை யாருண்ணா எடுத்தது?"

திடுக்குனு முழிச்சாங்க. "நாங்க தொடவே இல்லம்மா."

"அப்ப அசைஞ்சுதா? விரல் தூக்கினாரா?"

டிரைவர் அண்ணன் தொங்கற கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த இடம் வந்ததும்… கண்ணு தானா மூடிக்கிச்சும்மா"ன்னு தலையிலயே அடிச்சுக்கிட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "நாசமாப் போக! ஒரு பாட்டு நேரம் கண்ணைத் திறந்து வெச்சிருக்க முடியலையா உங்களால?"ன்னு வார்டே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினேன்.

டாக்டர் வந்தார். "கை தானா சரிஞ்சிருக்கும். அசைஞ்சதை யாராவது பார்த்தீங்களா?"

"நான் பார்த்தேன் சார்"னார் கடைக்காரர்.

"எப்படி அசைஞ்சது?"

அவருக்கு வாய் குழறிச்சு. "எல்லா விரலும்… மூடி மூடித் திறந்தது சார்."

டாக்டர் நல்ல மனுஷன், பொய்னு தெரிஞ்சும் திட்டலை. அவரே பக்கத்துல நின்னு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் கண்ணைச் சிமிட்டாமப் பார்த்தோம். ஒண்ணுமில்லை. ஆபரேஷன் பண்ணலை. இவர் அந்த வாரமே போயிட்டார்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. உள்ள வரத் தயங்கி வாசல்லயே நின்னாங்க. "வாங்க"ன்னேன். முன்னறையில அவர் உட்கார்ற இடத்தை விட்டுட்டு உட்கார்ந்தாங்க. ரெக்கார்டை நானே எடுத்துப் போட்டேன். எனக்கு முள்ளை வெக்கத் தெரியும்னு அவங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

பாட்டு வந்ததும் ரெண்டு பேருக்கும் இமை இறங்கிச்சு.

"கண்ணைத் திறங்க"ன்னேன்.

திறந்தாங்க. மூடவே விடலை. ரெண்டு பக்கமும் ஓடிச்சு. கடைசிப் பாட்டுல அந்த அமைதி வந்தது. அவர் இடத்துல நான் உட்கார்ந்து வலது கை விரலைத் தூக்கினேன்.

"இப்படித்தான் தூக்குவார்"னேன்.

"எப்பவுமா?"ன்னார் கடைக்காரர்.

"எப்பவும். உங்க பக்கத்துலதான்."

ரெண்டு பேரும் என் விரலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கிட்டார் வந்தது, நான் கையை இறக்கலை.