வேண்டாமின் கடைசி எழுத்து

லாரிப் பட்டறையில் அவருக்கு ‘இருபத்திநாலு’ என்று பெயர். முப்பத்தைந்து வருடம் லாரிகளுக்கு ஒயரிங் செய்தவர். லாரிக்கு இருபத்திநாலு வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை எடுத்து, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு இணைத்தால் அது வந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கை அதைச் செய்துவிடும். மற்றவர்களுக்குப் பன்னிரண்டில் ஏறும் கோபம் இவருக்கு இருபத்திநாலில் ஏறும் என்று பட்டறையில் கேலி வேறு. அந்தப் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மனைவி. சாப்பிடக் கூப்பிடுவதே, “இருபத்திநாலு, தட்டு வெச்சாச்சு” என்றுதான்.

அந்தக் குரல் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மூளையில் ரத்தம் உறைந்து வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: வேண்டாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். கொடுத்தால் மடமடவென்று குடிப்பாள். விளக்கை அணைக்கவா? வேண்டாம். சரி, எரியட்டுமா? வேண்டாம். உலகத்தில் எத்தனையோ நல்ல சொல் இருக்க இதுதானா மிஞ்ச வேண்டும் என்று அவர் பல தடவை மனதுக்குள் புழுங்கியிருக்கிறார்.

அதற்கு முன்பு இருவரும் சேர்ந்து ஒரு வேனை வீடாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய வேன். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் ஒரு பேட்டரி, சின்ன அடுப்பு, மருந்து அளவுக்கு ஒரு ஃபிரிட்ஜ். அவள் டெய்லர், மெத்தை உறையும் திரைச்சீலைகளும் அவள் தைத்தவை. அவர் ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கரண்ட் கம்பமே இல்லாத இடமாகப் பார்த்துப் போய் இருப்பதென்று திட்டம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “வண்டிக்குள்ள டிவி வந்துச்சுன்னா நான் இறங்கிடுவேன். வீட்லதான் அதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அங்கயாவது என் மூஞ்சியப் பாருங்க.” கடைசித் திரைச்சீலை பாதி தைத்தபடி மெஷினில் கிடக்கும்போதுதான் அவள் விழுந்தாள்.

ஒன்பது மாதமும் மகளின் அடுக்குமாடி வீட்டில் கழிந்தது. மகள் குறை வைக்கவில்லை. அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அவள் நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். வேனில் கூட்டிப்போகிறேன் என்று ஒருநாள் அவர் சொன்னதும் மகளுக்கு வந்ததே கோபம்.

“உங்களுக்கு என்னப்பா ஆச்சு? அம்மாகிட்டயே கேளுங்க. அம்மா, வேன்ல போறியா?”

“வேண்டாம்.”

“கேட்டீங்களா?”

“அவ எல்லாத்துக்கும் அதான் சொல்றா. இங்க இருக்கியான்னு கேட்டுப் பாரு.”

மகள் கேட்கவில்லை. அதற்கும் வேண்டாம் என்று வந்தால் அவளால் தாங்க முடியாது. கடைசியில் ஒரு மாதம் என்று முடிவாயிற்று. ஒரு மாதம் கழித்து வருவேன், அம்மா தேறவில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று மகள் கறாராகச் சொன்னாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள்தான் ஒரு வழி காட்டினார். “புதுச் சொல் எதையும் இப்பத் தேடாதீங்க. வேண்டாம்கிற சொல்லுக்குள்ளயே ‘ம்’ இருக்கு. அது மட்டும் தனியா வந்துட்டா என்ன அர்த்தம்?”

“சரின்னு அர்த்தம்.”

“அவ்வளவுதான். அதைப் பிடிச்சிட்டா உங்க கேள்விக்கு அவங்களால பதில் சொல்ல முடியும்.”

வாய் மூடுவதும் திறப்பதும் பெரிதாகத் தெரியும் பயிற்சிப் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். போனில் காட்டினால் பயனில்லை. அவளுக்குப் பார்வையின் வலது பாதியும் போய்விட்டிருந்தது. படம் பெரிதாக, கிட்டத்தில், இடது பக்கமாக இருக்க வேண்டும்.

ஆக, எந்த டிவி வரக் கூடாது என்றாளோ அது வந்தே தீர வேண்டும்.

எவ்வளவு பெரிது என்று அவளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அட்டைப் பெட்டியைப் பல அளவில் வெட்டி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் ஒரு வாய் வரைந்து, கட்டிலுக்கு எதிரே இடது பக்கமாக மாட்டி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது அங்குல அட்டையில் அவள் கண் தரிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. இருபத்திநாலில் நின்றது. இந்த நம்பர் நம்மை விடாது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

கடைக்காரர் பெரிய பெரிய திரைகளாகக் காட்டினார். இவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

“டிவி வாங்க வர்றவங்க முன்பக்கம் பாப்பாங்க. நீங்க முதுகையே பாக்கறீங்களே சார்?”

“முன்பக்கம் பாக்கறது என் வீட்டுக்காரி. எனக்கு அது எவ்வளவு குடிக்குதுன்னு தெரியணும்.”

வீட்டுக்கான டிவி என்றால் நடுவில் இன்வெர்ட்டர் வேண்டும். அது சும்மா இருக்கும்போதே தன் பங்குக்குப் பேட்டரியைத் தின்னும். நேராகப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது ஒன்று மூலையில் இருந்தது. இருபத்திநாலு அங்குலம், முப்பது வாட். மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போக, நல்ல வெயிலில் அதை மூன்று மணி நேரம் ஓட்டலாம். மூன்று மணி நேரம் போதும்.

ஏரிக்கரை மேட்டில் வேனை நிறுத்தினார். டிவியை மாட்டும்போது அவளைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “மன்னிச்சுக்க டெய்லரம்மா. நீ பேச ஆரம்பிச்சதும் கழட்டிடறேன்.” அவள் வேண்டாம் என்றாள். எந்த வேண்டாமோ தெரியவில்லை.

காலையும் மாலையும் திரையில் அந்தப் பெரிய வாய் உதடு கூட்டிற்று. ம். ம். அவள் கண் அதையே பார்த்தது. பத்து நாளில் உதடுகள் லேசாகச் சேரத் தொடங்கின; சத்தம் இல்லை. நாலாவது வாரம் மேகம் மூடியது. நாலு நாள் வெயிலே இல்லை. பேட்டரி இறங்கிப்போய், மருந்துக்காக ஃபிரிட்ஜை ஓட்டுவதா, டிவியை ஓட்டுவதா என்று ஆகிவிட்டது. ஃபிரிட்ஜைத்தான் ஓட்டினார். உதடுகள் பழையபடி சோர்ந்தன. மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்; மூன்றே நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய், நன்றாகச் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரியோடு ஓடிவந்தார். அவளைத் தனியாக விட்டுப் போன பதற்றம், ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள் என்கிற பதற்றம். கட்டிலுக்கு அடியில் குனிந்து, இரண்டையும் சேர்த்து முடுக்கினார். பழைய பேட்டரிக்குப் பக்கபலமாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் பழகிய கை அவரைக் கேட்கவில்லை. ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கொடுத்தது.

சுவிட்சைப் போட்டதும் விளக்குகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தன. மின்விசிறி பேய் பிடித்ததுபோல் சுற்றியது. டிவிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். அதன் முதுகிலிருந்து நூல் மாதிரி புகை.

ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பென் டிரைவைத் தொட்டால் சுட்டது. தெருவில் போகிற எந்தப் பையனும் செய்யாத தப்பு, இந்தத் தொழிலில் ஊறிய ஆளைத் தவிர வேறு யாருக்கும் வராத தப்பு. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதம் அழாத மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“இருபத்திநாலு குடுத்துட்டேனே... பன்னெண்டு கேட்டதுக்கு இருபத்திநாலு குடுத்துட்டேனே. நானெல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியனா? நான் ஒரு முட்டாள்தானே?”

“ம்.”

முதலில் அது அவர் காதில் ஏறவில்லை. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார்.

“என்ன சொன்னே?”

அவள் முகத்தின் இடது பாதி சிரித்தது. “வேண்டாம்” என்றாள்.

அவர் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். தன்னை முட்டாள் என்று மனைவி ஒப்புக்கொண்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் வேறு எங்கேயும் இருக்க மாட்டான்.

அடுத்த ஒன்றரை நாளும் அவரே டிவி. கட்டிலுக்கு இடது பக்கம், அட்டை மாட்டியிருந்த அதே தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உதட்டைக் கூட்டிக் கூட்டிக் காட்டினார். அவள் முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவர் பார்த்ததே இல்லை. சத்தம் மட்டும் மறுபடி வரவில்லை. கேட்டது மெய்தானா, புகையில் தனக்குத்தான் ஏதாவது கேட்டதா என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் காரில் வந்து இறங்கினாள். உள்ளே ஏறியதும் கருகிய டிவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் துணிகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

“கண்ணு, ஒரு தடவை அவளைக் கேட்டுட்டு எடு.”

“கேட்டா என்னப்பா வரும்?” என்றாலும், கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டாள். “அம்மா, நம்ம வீட்டுக்குப் போலாமா?”

“வேண்டாம்.”

“பாருங்க.”

“இன்னொண்ணும் கேளு. அன்னிக்கு உன் வீட்ல கேக்காம விட்டியே, ‘இங்க இருக்கியா’ன்னு, அதை இப்போ இங்க கேளு. எந்தப் பக்கம் உக்காந்திருக்கே? இடது பக்கம் வந்து கேளு.”

மகள் இடம் மாறி உட்கார்ந்தாள். “அப்போ இங்கேயே இருக்கியாம்மா? அப்பாகூட?”

மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டது. ‘வே’ வருகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் வெளியே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, அவள் பல்லை உள்ளே இழுத்து, நெற்றி நரம்பு புடைக்க, ஒரு உதட்டை இன்னொன்றின் மேல் கொண்டுவந்து கொண்டிருந்தாள். ஓர் ஆள் தனியாகக் கதவைத் தள்ளிச் சாத்துகிற மாதிரி இருந்தது.

“ம்.”

மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஏமாற்றமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் அங்கேயே அழுது தீர்த்தாள். பிறகு பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுக்கினாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, “டிவி புதுசா ஒண்ணு நான் அனுப்பி வைக்கவாப்பா?” என்று கேட்டாள்.

“அவளையே கேளு.”

மகள் கேட்கத் தேவையிருக்கவில்லை. படுக்கையிலிருந்து பழைய அதிகாரத்தோடு பதில் வந்தது.

“வேண்டாம்.”