தெருக் கோணல்

வண்டிக்குள் முதல் பலகையை அடிப்பதற்கு முன்னால் ஆந்தை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். யாரும் யோசனை சொல்லக் கூடாது. அன்று மாலைக்குள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள்.

ஆந்தை என்பது தெரு வைத்த பெயர். பார்சல் கிடங்கில் ராத்திரி வேலை பார்த்து, பகலெல்லாம் தம்பி வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கண் விழித்திருப்பவளைத்தானே ஆந்தை என்கிறார்கள், குருடி என்று சொல்லவில்லையே என்பாள்.

அந்த வேலையை ஒரு நாள் பாதியில் விட்டாள். கையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தாள், மேல்சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டாள், வாசலைப் பார்த்து நடந்தாள். ஏன் என்று மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்து கேட்டார். தூக்கம் வருகிறது என்றாள். அவர் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார். அது கிண்டல் இல்லை.

சேமிப்பில் ஒரு பழைய ரொட்டி வேன் வாங்கினாள். அதைப் படுக்க, சமைக்க, ஓட்டிக்கொண்டு போக ஒரு வீடாக மாற்றப் போவதாகச் சொன்னபோது தம்பி சிரிக்கவில்லை. கோபப்பட்டான். அவன் கட்டடங்களுக்குக் கதவு, நிலை, அலமாரி செய்கிற தச்சு வேலைக்காரன். மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்தக் கிடங்கு வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஒரு பொம்பள ஒத்தையா வண்டில படுத்து எழுந்திரிப்பியா? ஊரு என்னக்கா சொல்லும்?"

"எந்த ஊரு? நான்தான் ஊரு ஊரா போகப் போறேனே."

பேச்சு முற்றி, கடைசியில் ஒரு உடன்பாட்டில் வந்து நின்றது. வாகனச் சோதனை அலுவலகத்தில் குறித்துக் கொடுத்திருந்த தேதியில் வண்டி வீட்டு வண்டியாகத் தேறினால் அவள் போகலாம், யாரும் வாய் திறக்கக் கூடாது. தேறாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடி கிடங்குக்குப் போக வேண்டும். ஆந்தை சரி என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தம்பிக்கும் அது தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சையே எடுத்தான்.

மரத்துக்கு அவள் கடைக்குப் போகவில்லை. கிடங்கின் பின்வாசலில் உடைந்த பேலட்டுகளை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். சரக்கை அடுக்கித் தூக்குவதற்குக் கீழே கொடுக்கும் மரத்தட்டு அது. உடைந்துவிட்டால் நாய்கூடச் சீண்டாது. அதைத்தான் கடப்பாரையால் நெம்பி, ஆணி பிடுங்கி, பலகை பலகையாகக் கொண்டு வந்தாள்.

"இது ஒரு மரமாக்கா? பெட்டிக்குப் போட்ட செருப்பு," என்றான் தம்பி. "நல்லதா நான் தரேன். இழைச்சு, பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி."

"கண்ணாடி பாத்து நான் என்ன பண்ணப் போறேன்?"

இழைப்புளியை அவள் அந்தப் பலகைகளின் பக்கமே விடவில்லை. சிலாம்பு குத்தாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினாள், அவ்வளவுதான். பக்கச் சுவர்களில் குட்டைப் பலகைகளை மீன் முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடித்தாள். நீலச் சாயம் போகாதது ஒன்று, கயிறு அறுத்த தழும்போடு ஒன்று, டீக்கறை வளையம் வளையமாக விழுந்தது ஒன்று. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட பலகைகள் நிறைய இருந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒரு அம்புகூட மேலே பார்க்காதபடி கூரையில் அடித்தாள். அத்தனை வருஷம் அந்த அம்பு சொன்னபடி பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தவளுக்கு அதில் ஒரு திருப்தி.

படுக்கைக்குச் சட்டம் கட்டும் நேரம் வந்தது. வண்டியின் பின்பகுதியில் குறுக்காக ஒரு கட்டில், அடியில் இரண்டு இழுப்பறைகள், பக்கவாட்டில் அடுப்பு வைக்க ஒரு மேடை. இழுப்பறை செய்ய ஆந்தைக்குக் கை வரவில்லை. தம்பி இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்தான். பிறகு பொறுக்க முடியாமல் கருவிப் பையோடு ஏறிவிட்டான்.

"நகருக்கா. நீ செஞ்சா எலி கூடக் குடி வராது."

அவனோடு சண்டை போட்டுப் போட்டு அவளுக்கும் அலுத்திருந்தது. நகர்ந்தாள்.

ஒரு குச்சியில் கோடு கிழித்து வண்டியின் தரையிலிருந்து அளந்து அவள் நிறுத்தியிருந்த சட்டங்களைத் தம்பி முதலில் பிடுங்கிப் போட்டான். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தான். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை சட்டத்தை ஏற்றி இறக்கினான்.

"டேய், நம்ம தெருவே மேடாச்சே. வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்குது. தரையில இருந்து அளக்க வேணாமா?"

"உலகத்துக்கே மட்டம் ஒண்ணுதான்க்கா. குமிழி பொய் சொல்லாது."

தம்பி மனைவி வாசலில் நின்று துணி உதறிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டாள்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்னாளாம். அண்ணி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆந்தையும்தான். அவளுக்கே தன் சந்தேகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவன் தச்சன், இவள் பெட்டி தூக்கியவள்.

இழுப்பறைகளைத் தம்பி பார்த்துப் பார்த்துச் செய்தான். பேலட் மரமே என்றாலும் மூலைகளைப் பல்லோடு பல் கோத்து, ஓடுகிற தடத்தில் மெழுகு தேய்த்து, விரல் பட்டால் போதும் என்கிற மாதிரி வழவழவென்று விட்டான். முடித்துவிட்டுத் தானே நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டான். வண்டி அந்தத் தெருவை விட்டு ஒரு முழம் நகரவில்லை.

சோதனை நாள் காலையில் ஆந்தை ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். தெருவின் மேட்டைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் முதல் பிரேக்கிலேயே பின்னால் டமார் என்றது. அடுத்த பிரேக்கில் இன்னொரு டமார்.

"என்னடா அது?"

"மரம்னா சத்தம் போடும். நீ ரோட்டப் பாரு."

சோதனை மைதானம் சிமெண்ட் தரை, தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் அளவுக்குச் சமம். கதவைத் திறந்தார்கள். இரண்டு இழுப்பறைகளும் முழுசாக வெளியே வந்து, நாக்கைத் தொங்கவிட்ட மாதிரி நின்றன. தம்பி அவற்றை உள்ளே தள்ளினான். கையை எடுத்ததும் மெதுவாக, மரியாதையாக, மறுபடி வெளியே வந்தன. மேடையில் வைத்த அவன் பென்சில் உருண்டு ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போய் விழுந்தது.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. மேட்டில் நின்ற வண்டியில் குமிழிக்குச் சரியாக அவன் வைத்ததெல்லாம் இங்கே முன்பக்கம் சரிந்து கிடந்தது. நின்ற இடத்திலேயே நிற்கும் வீடுகளுக்கு வேலை செய்து பழகிய கை அது.

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தம்பியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரா?"

"அய்யய்யோ, இல்ல சார். தம்பி."

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"வீடு என்னோடது சார். வீட்டுக்காரர் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒருமுறை பார்த்தார். "தேறினாத்தான்மா அது வீடு. அதுவரைக்கும் ரொட்டி வண்டி."

உள்ளே ஏறி அடுப்புக் குழாய், ஜன்னல், தீயணைப்பான், படுக்கையைத் தரையோடு பிணைத்த போல்ட்டுகள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கூரையில் திசைக்கொன்றாகப் பாய்ந்த அம்புகளை அண்ணாந்து பார்த்து, "எந்தப் பக்கம்தான் மேல?" என்றார். "அது நீங்க படுக்கிறதப் பொறுத்து," என்றாள். ஆனால் இழுப்பறைகளிடம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓடுற வண்டில இது வெளிய வந்தா யார் முதுகுல இடிக்கும்னு தெரியுமா? ஆடுற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. கொக்கி இருக்கா?"

கொக்கி இல்லை. குமிழியை நம்பியவன் கொக்கி செய்யவில்லை.

"சாயங்காலம் மூடுறதுக்குள்ள சரி பண்ணிக் காட்டினா பாக்கறேன். இல்லன்னா மறுபடி எழுதிப் போடுங்க, தேதி வரும்." அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

தம்பி கருவிப் பையின் வாயை இழுத்துக் கட்டினான்.

"சரிக்கா. தப்பு என்னோடது. வீட்டுக்கு ஓட்டு. எல்லாத்தையும் கழட்டி முதல்ல இருந்து செஞ்சு தரேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

"நம்ம பேச்சு இன்னைக்குத் தேதிக்கு."

"பேச்சு பேச்சுதான். தேறல இல்ல? நீ கொஞ்ச நாள் வேலைக்குப் போயிட்டு இரு, அதுக்குள்ள நான்..."

"அந்த ஸ்க்ரூட்ரைவரக் கொடு. ட்ராயரோட முன்பலகைய சட்டத்தோட சேத்து முடுக்கிடறேன்."

அவன் கொடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான். ஆந்தைக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் வெட்கம் இருந்தது, அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டியா?"

"அக்கா திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்னு சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

அவன் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி தேறுவதற்கு முன்பே, தேறாது என்று சொல்லி வைத்திருக்கிறான்.

"வேணும்னு கோணலா வெச்சியா?"

"சத்தியமா இல்லக்கா." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "வேணும்னு கோணலா வைக்க என் கைக்கு வராது. உனக்கே தெரியும்."

தெரியும். அதை அவள் நம்பினாள். நம்புவதால் எதுவும் மாறிவிடவில்லை.

"நீ போயிட்டா என் பொண்டாட்டி நாள் பூரா என்னை மட்டும்தான் திட்டுவா," என்றான், பாதி விளையாட்டாக. "இப்ப ஆளுக்குப் பாதி."

"பழகிக்க."

ஆந்தை வண்டிக்குள் ஏறினாள். முதல் இழுப்பறையின் இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கினாள். முழுசாகக் கழன்று விழாமல் இருக்கத் தம்பி தடத்தின் முனையில் ஒரு மரக்கட்டை அடித்திருந்தான், நல்ல வேலைக்காரன். அவள் ஒரு காலைச் சட்டத்தில் உதைத்து நிறுத்தி, கிடங்கில் சிக்கிய பெட்டியை உருவுகிற மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டினாள். கட்டை பிய்ந்தது.

"அக்கா, அது நான் செஞ்சது."

"தெரியும். அதான் இவ்வளவு நல்லா வழுக்குது."

இரண்டாவது இன்னும் முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்து உலுக்கி எடுத்தாள். முழங்கையில் சிலாம்பு ஏறியது, பல்லால் பிடுங்கித் துப்பினாள். இழுப்பறைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு, உள்ளே பிய்ந்து தொங்கிய துண்டுகளைக் கையாலேயே ஒடித்துப் போட்டாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு சதுரப் பொந்துகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

பரிசோதகரைப் போய்க் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ட்ராயர் எங்கம்மா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப சாமான் எங்க வைப்பீங்க?"

"ஆடுற அளவுக்கு என்கிட்ட சாமான் இல்ல சார்."

அவர் கட்டிலைப் பிடித்து உலுக்கினார். மேடையை இரண்டு கையாலும் அசைத்தார். எதுவும் அசையவில்லை. சரிவாக இருந்தது, ஆனால் பாறை மாதிரி இருந்தது. மட்டத்தில் தவறினாலும் பிடிப்பில் தவறுகிற ஆள் இல்லை தம்பி.

"படுக்கை சாயுதே. தூக்கத்துல உருண்டுட மாட்டீங்க?"

"சாயக் கூடாதுன்னு சட்டம் இருக்கா சார்?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார் கடைசியில். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மேடு பாத்து நிறுத்திக்குங்க, சரியாப் போயிரும்." முத்திரையை ஊதி ஈரப்படுத்திக் காகிதத்தில் குத்தினார்.

தம்பி இழுப்பறைகளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிய்ந்த முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். எங்கேயோ யாரோ இறந்துவிட்ட மாதிரி இருந்தது அவன் உட்கார்ந்திருந்த விதம். ஆந்தை காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். படித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"வீட்டுக்கு வாக்கா. இப்ப சண்டைக்குச் சொல்லல. ரெண்டே நாள். தரையில இருந்து அளந்து நேராக்கித் தரேன்."

"வேணாம்."

"கோணலாவே வெச்சுக்கப் போறியா?"

"என் கோணல்தானே. நீ நேராக்க வந்தா இன்னொரு தேதி கேப்ப. தேதி கேட்டா இன்னொரு திங்கக்கிழமை வரும்."

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவகிட்ட என்ன சொல்றது?"

"தெரு கோணல்தான்னு சொல்லு."

"சூப்பர்வைசருக்கு?"

"ஆள் கேட்டா நீ போ. பகல்ல தூங்கிப் பாரு, அப்ப தெரியும்."

பேருந்து நிறுத்தம் வரை அவனைக் கொண்டு போய் விட்டாள். இழுப்பறைகளை மைதானத்தில் விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. மடியில் ஒன்று, காலுக்கடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது பையை மாட்டிக்கொள்ளக் கை இல்லாமல் தவித்தான். அவளே இறங்கி வந்து பையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் அந்தப் பெட்டிகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்க இருப்ப?" என்று கேட்டான்.

"நின்ன இடத்துல இருந்து போன் பண்றேன். வரணும்னா நீ வா."

ஆந்தை ஏறி வண்டியைக் கிளப்பினாள். பேருந்து வரும்வரை அவள் நிற்கவில்லை.