பதினேழு தகடு

பெட்டியிலிருந்து கொட்டிய பதினேழு இரும்புத் தகடுகளையும் பாயில் அடுக்கிப் பார்த்தபோது, பொன்னுத்துரைக்கு அதைச் செய்தவன் மேல் இரக்கம்தான் வந்தது. ஒன்று சுண்டுவிரல் நீளம், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் கூட, இன்னொன்று நடுவிரலையும் தாண்டி நின்றது. குடித்துவிட்டு வேலைக்கு வந்த எவனோ வெட்டியிருக்கிறான் என்று தீர்மானித்தார். நாகல் நகர் பூட்டுப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக அரம் பிடிக்கிறவர் அவர். பூட்டுக்குள் ஒரு தகடு மயிரிழை நீண்டாலும் சாவி திரும்பாது.

கலிம்பா என்று பெயராம். மரப்பெட்டி, தகடு, திருகாணி எல்லாம் தனித்தனியாக வரும். வீட்டில் கோத்துக்கொண்டால் கட்டைவிரலால் மீட்டலாம். மகள் தமிழ்மதியின் எட்டாவது பிறந்தநாளுக்குச் சுகன்யா போனில் வரவழைத்தது. எப்படிக் கோப்பது என்று ஒரு தாளும் இருந்தது. பொன்னுத்துரை அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கடியில் கொடுத்தார். ஆகவே தாள் வீணாயிற்று என்று யாரும் சொல்ல முடியாது.

சுகன்யாவை அவர் கட்டிக்கொண்டது இந்த வைகாசியில். அவருக்கு நாற்பத்தாறு வயதில் முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. அவளுடைய முதல் புருஷன் பிரபு சிறுமலைக்கு ஜீப் ஓட்டியவன். மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி ஆறு மாதமாகியும் தமிழ்மதி பொன்னுத்துரையை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். வேறு ஏதாவது என்றால் எதிரே வந்து, அவர் நிமிரும் வரை நிற்பாள். அப்பா என்று கூப்பிடச் சொல்லிச் சுகன்யா ஒருமுறை ஆரம்பித்தபோது பொன்னுத்துரைதான் தடுத்துவிட்டார். தடுத்த பிறகு அன்றைக்குப் பூரா காதைத் தீட்டிக்கொண்டே திரிந்தார்.

பிள்ளையைத் தன் பக்கம் இழுக்க அவரிடம் இருந்த சொத்து புளுகு ஒன்றுதான். பட்டறையில் அதற்கு ஏக மதிப்பு. தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிணற்றுக்குத் தான் பூட்டுப் போட்டதையும், அது இறுகிய இறுக்கத்தில் வெளியே வர வழியில்லாமல் தண்ணீர் பூமிக்கடியில் நடந்து பக்கத்துத் தோட்டக்காரன் கிணற்றில் குடியேறியதையும் அவர் முகம் மாறாமல் சொல்வார். பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். தமிழ்மதி முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தச் சாவி எங்க?" என்றாள். சாவி இல்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

இந்தப் பெட்டியாவது தன்னைக் கரை சேர்க்கும் என்று நம்பினார். சனிக்கிழமை தகடுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு, இருப்பதிலேயே குட்டையானதற்குச் சமமாக மற்ற பதினாறையும் வெட்டினார். நுனியில் விரல் கிழிக்காதபடி அரம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்து முடித்தபோது, சோறு வடித்த கையோடு வந்து பார்த்த சுகன்யாவே அழகாயிருக்கிறது என்றாள். சீப்புப் பல்லைப் போல ஒரே வரிசை.

தமிழ்மதி புதுப் பாவாடையோடு உட்கார்ந்து மீட்டினாள். டிங். அடுத்தது, டிங். பதினேழும் டிங். அவள் காலி அட்டைப்பெட்டியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். மேலே படம். படத்தில் தகடுகள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கின.

பொன்னுத்துரைக்கு அந்த நொடியில் மூன்று புளுகு தோன்றியது. மூன்றும் நல்ல சரக்கு. பிள்ளையின் கீழுதடு லேசாக நடுங்குவதைப் பார்த்ததும் மூன்றும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"நான்தான் வெட்டிப்புட்டேன், தாயி. கோணலா அனுப்பிட்டாய்ங்கன்னு நெனச்சு சமமாக்கிட்டேன்."

அவள் நம்பவில்லை. "வெட்டுன துண்டு எங்க?"

அவர் சட்டைப்பையில் கைவிட்டார். பட்டறையில் இரும்பைக் கீழே போடாத பழக்கம். பதினாறு துண்டுகள் பாயில் விழுந்தன. தமிழ்மதி ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பட்டறையில திட்டுனாங்களா?"

"இன்னும் சொல்லல."

அவள் வாய்க்குள் சிரித்தாள். பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தகட்டை உள்ளே தள்ளினால் சத்தம் ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும் என்று குறடால் அசைத்துப் பார்த்தபோது தெரிந்தது. பட்டறைச் சத்தத்தில் பாதி மழுங்கிய அவர் காதுக்கு எது சரியென்று சொல்லத் தெரியாது. அவள் வாய்க்குள் ஏதோ முனகிப் பார்த்து, ஏற்றச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், போதும் என்றாள். ஒரு தகடு அமைய ஒரு டீ குடிக்கிற நேரமானது. மூன்றாவது தகடு அமைந்ததும் அவள் மூன்றையும் வரிசையாக மீட்டினாள். பொன்னுத்துரையின் கையில் குறடு அப்படியே நின்றது. திண்டுக்கல்லில் அந்த மூன்று சத்தம் தெரியாதவர் யார். பேருந்து நிலையத்துப் பக்கம் காலை ஆறு மணிக்குச் சிறுமலை ஜீப் அப்படித்தான் ஹாரன் அடித்து ஆளைக் கூப்பிடும்.

"எங்கப்பா ஜீப்பு ஆரன்," என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும் தாயி. கடைசில தொண்டை கட்டுன மாதிரி ஒண்ணு வரும்ல?"

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவ ஏறியிருக்கேன். எடமில்லன்னு பின்னாடி வாழத்தாரு பக்கத்துல உக்கார வச்சாரு."

சாவி எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அந்தக் கடைசிச் சத்தம்தான் வரமாட்டேனென்றது. இழுக்க இழுக்க, தகடு கையோடு கழன்று வந்தது. நீளம் போதவில்லை. போதாத நீளம் பாயில் துண்டு துண்டாகக் கிடந்தது. தமிழ்மதி அழவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கழன்ற தகட்டின் நுனியில் ஒட்டுமா என்று வைத்துப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். அது பொன்னுத்துரை கையால் செய்த பூட்டு என்பதால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம். இரும்பறுக்கிற பழைய ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, பல்லைத் தேய்த்து, நுனியை வளைத்து, அரம் போட்டார். அவசரத்தில் நாலு பல் மிச்சமிருந்தது.

வீட்டுக்கு வந்து கோத்தபோது, அது மற்றவற்றைத் தாண்டிக் கறுப்பாக நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. செத்த நேரம் இழுத்துத் தள்ளினார்கள். தமிழ்மதி கை காட்டியதும் அவர் விட்டார். அவள் நாலையும் மீட்டினாள். கடைசிச் சத்தம் கொஞ்சம் கரகரத்து இறங்கியது.

அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த கத்தியின் சத்தம் நின்றது. சுகன்யா வாசல்கால் வரை வந்து, பிடித்த கத்தியோடு நின்றாள்.

தமிழ்மதி பெட்டியை மடியில் நிமிர்த்தி, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க. வண்டி கெளம்பப் போகுது."

பொன்னுத்துரை குறடைக் கீழே வைத்தார். "எடமிருக்கா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் யோசித்தாள். "பின்னாடி. வாழத்தாருக்குப் பக்கத்துல."

அவர் எழுந்து போய், அவள் முதுகுக்குப் பின்னால், பாயின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தார் நெருக்குவதுபோல் தோளைக் குறுக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வளைவு வருகிறது என்று அவள் இடது பக்கம் சாய்ந்தாள். அவரும் சாய்ந்தார்.